கேட்டை யார் மூடியது

மாடு பிடித்துக் கொடுக்கிறவன், மாப்பிள்ளை பார்த்துச் சொல்கிறவன், அப்புறம் இன்னொருத்தன், இந்த மூணு பேரும் போற வீட்டு வாசல்ல செருப்பைத் தெருவைப் பார்த்துத்தான் கழட்டிப் போடணும் என்று பெரியப்பா சொல்வார். அந்த இன்னொருத்தன் யார் என்பது மட்டும் பூதலிங்கத்துக்குப் பிடிபடவில்லை. வைத்தியரைக் கைகாட்டுகிறவனா, வக்கீலைக் கைகாட்டுகிறவனா. பெரியப்பா மாட்டுத் தரகர், பிடித்துக் கொடுத்த மாடு கறக்காமல் போய்ச் சந்தையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தவர், அவருக்குத் தெரியும். பூதலிங்கத்தின் செருப்போ கீழே மைதீன் பிச்சையின் பெயிண்ட் கடை வாசலில், மற்றவர்கள் செருப்புகளுக்கு நடுவே, சமர்த்தாகச் சுவரைப் பார்த்துக் கிடந்தது. அவன் மாடியில் இருந்தான், வாய்ப்பூட்டு நாற்காலியில். ஞாயிறு வட்டத்தில் புத்தகம் பரிந்துரைத்தவன் உட்காரும் நாற்காலிக்கு அதுதான் பெயர். வருஷத்துக்கு ஒரு புத்தகம், ஒருத்தர் சொல்ல வேண்டும், எல்லோரும் இரண்டு மாதம் படிக்க வேண்டும், பிறகு ஒரு ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குக் கூடி ஒவ்வொருவராகப் பேச வேண்டும். பேசி முடிகிறவரை சொன்னவன் வாயைத் திறக்கக் கூடாது. தலையை ஆட்டக் கூடாது. ஆமாம் என்பது போலவோ இல்லை என்பது போலவோ முகத்தை வைத்துக்கொள்ளவும் கூடாது என்று பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது, இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய நீல மையில். "டீ குடிக்க வாயைத் திறக்கலாம் மஸ்கட்டாரே, அதுக்கு விதி ஒண்ணும் கிடையாது" என்று மைதீன் பிச்சை கண்ணாடித் தம்ளரை அவன் கையில் வைத்தார். சுக்கு காரம். வெளியே சாரல். கீழேயிருந்து தின்னர் வாசம் மாடிப்படி ஏறி வந்து டீயில் கலந்தது. எதிர்ச் சுவரில் பெயிண்ட் கம்பெனிக்காரன் கொடுத்த வண்ண அட்டை, கட்டம் கட்டமாகத் தொண்ணூற்றாறு நிறம், அதில் காக்கி எங்கே என்று தேட ஆரம்பித்தான், முகத்தை எங்காவது வைத்துக்கொள்ள வேண்டுமே. அதற்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரி. இத்தனை வருஷத்தில் தேறி உள்ளே போனவை பதினாலு புத்தகங்கள். தேறாததைச் சொன்னவன் மூன்று வருஷத்துக்குப் பரிந்துரைக்க முடியாது, அது போகட்டும், மூன்று வருஷம் என்ன, மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம் போனதே, ஆனால் இன்னொரு விதி இருக்கிறதே, அது.

அது படிக்காமல் பரிந்துரைத்தவனைப் பற்றியது. ஒரு ஹெட்மாஸ்டர் இருந்தாராம், யாரோ புகழ்ந்ததைக் கேட்டு ஒரு தடித்த நாவலைச் சொல்லிவிட்டார், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கடைசி ஐம்பது பக்கம் அச்சுக் கோளாறில் தலைகீழாக இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் அவர் பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு, அதோடு வட்டத்தில் அவர் இல்லை. அந்தக் கோட்டைப் பூதலிங்கம் பார்த்திருக்கிறான், ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. இரண்டு மாதத்துக்கு முன் இதே அறையில் எழுந்து நின்று அவன் சொன்னது என்ன? நாற்பத்தேழாம் எண் கேட் என்று ஒரு நாவல், ரயில்வே கேட்மேன் ஒருத்தன் கதை, முதல் நூறு பக்கம் மெதுவாகத்தான் போகும், புருஷன் செத்த காலையில் பேச்சி போய்க் கேட்டை மூடுகிற இடம் ஒன்று வரும், அதுவரை பொறுத்துப் படியுங்கள். அவ்வளவுதான் சொன்னான். எதற்கு அதைச் சொன்னான்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய ஈரத்தோடு, புதுப் பதிப்பைப் பிரித்தான். பதிப்பகத்திலிருந்து வந்த கட்டிலிருந்து எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டுத் தன்னுடையதைப் பிரிக்காமலே வைத்திருந்தான், மனப்பாடமாகத் தெரிந்த புத்தகத்தை எதற்குப் பிரிக்க வேண்டும் என்ற திமிர், அல்லது பயம், இருபத்திரண்டு வயதில் அழகாயிருந்தவளை நாற்பத்தெட்டில் கல்யாண வீட்டில் பார்க்கப் பயப்படுவது மாதிரி. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கேட்மேன் மூன்று நாள் காய்ச்சலில் விடியுமுன் சாகிறான், அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயம், 'அன்றைக்குக் காலைப் பாசஞ்சர் நேரத்துக்குப் போனது.' அடுத்த வரியில் மகன் மதுரையில் பஸ் ஏறுகிறான். பேச்சி இல்லை. கேட் இல்லை. ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்துச் சேலை மேல் மாட்டிக்கொண்டு அவள் இறங்கிப் போகிற ஒன்றரைப் பக்கம் இல்லவே இல்லை. முன்னால் புரட்டினான், பின்னால் புரட்டினான், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் நெம்பினான். பதிப்பகத்துக்குப் போன் போட்டான். "முதல் பதிப்பு அப்படியே சார், ஒரு கமா மாத்தலை" என்றாள் அந்தப் பெண். தென்காசிக்குப் போய் லைப்ரரியில் பழைய பிரதியை எடுத்துப் பார்த்தான், அதிலும் பாசஞ்சர் நேரத்துக்குப் போனது, அதிலும் மகன் பஸ் ஏறினான்.

"நான் ஆரம்பிக்கட்டுமா" என்று சங்கரவடிவு டீச்சர் கண்ணாடியைத் துடைத்தாள். பூகோளம் எடுத்தவள், முப்பத்தொரு வருஷம், இன்னும் பேசும்போது வலது கை காற்றில் நதி வரையும். "எனக்கு ஒரு கணக்கு உண்டு, உங்களுக்கெல்லாம் தெரியும். புஸ்தகத்தை முடிச்சதும் யாருக்காவது போன் போடணும்னு கை பரபரக்கணும். பரபரக்கலேன்னா அது நல்ல புஸ்தகமா இருக்கலாம், ஆனா நமக்கு இல்லே." சரி. பரபரத்ததா? பூதலிங்கம் வண்ண அட்டையில் மூன்றாவது வரிசைக்கு வந்திருந்தான். காக்கிக்குப் பக்கத்தில் ஒன்று, மணல். மணல் வேண்டாம், மணல் பார்த்தாயிற்று. "முதல் அம்பது பக்கம் எனக்குக் கோவம்தான் வந்தது. ஒருத்தன் கேட்டை மூடுதான், திறக்கான், மூடுதான், திறக்கான். என்னத்துக்கு இதைப் படிக்கச் சொன்னாருன்னு மஸ்கட்டார் மேல கோவம்." யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கக் கூடாது. முதல் ஐம்பது பக்கம் அவனுக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. அவனுக்கு எழுத்துக் கூட்டுவதே மெதுவாக இருந்த காலம் அது. ஏழாம் வகுப்பு வரை புனலூரில் மலையாளப் பள்ளிக்கூடம், அப்பாவுக்கு அங்கே மரக்கடையில் வேலை, எட்டாம் வகுப்புக்குச் செங்கோட்டை வந்தபோது தமிழ் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. பன்னிரண்டு வயதுப் பையனை அரிச்சுவடியோடு முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதனாலேயே அவனுக்குத் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் தொட்டுத் தொட்டுத்தான் வரும், வேகமாகப் படிக்கிறவர்கள் மேல் பொறாமை, அவர்கள் பஸ்ஸில் போகிறார்கள், இவன் நடக்கிறான், ஆனால் நடக்கிறவனுக்குத்தான் வழியில் கிடக்கிற முள் எல்லாம் தெரியும். "ஆனா அந்தக் காலையில அவ எந்திரிச்சுப் போறா பாருங்க" என்றாள் டீச்சர், நதி வரைந்த கை அந்தரத்தில் நின்றது, "தலைமுடி முடியாம அப்படியே தொங்குது. அதை முடியக் கூடாதுன்னு இருக்கா, முடிஞ்சா அவரு செத்துப்போனது நிசம் ஆயிடுமே. அந்த முடி கைப்பிடியில சிக்கிக்கிடுமோன்னு எனக்கு ஒரே பதட்டம். ஒரு கையால முடியைப் பிடிச்சுக்கிட்டு மறு கையால சுத்துதா. முடிச்ச உடனே எங்க அக்காவுக்குப் போன் போட்டேன்."

என்ன சொல்கிறாள் இவள்? தம்ளரின் விளிம்பு பல்லில் இடித்தது. முடியா? எந்தப் பக்கத்தில்? ஒருவேளை கேலியா, தெரிந்துகொண்டு போட்டு வாங்குகிறாளா? டீச்சர் முகத்தில் கேலி இல்லை, கண்ணாடியை மறுபடி துடைத்தாள், தேவையில்லாமல். சரி, அவன் சொல்லிவிட்டான், இடம் வரும் என்று, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்திருக்கிறாள், மனசு அப்படித்தான், பேய் உண்டு என்று சொல்லி அனுப்பினால் புளியமரம் கையை ஆட்டும். ஆனால் முடியைப் பற்றி அவன் சொல்லவில்லையே. சட்டையைப் பற்றியும் சொல்லவில்லை. பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் கார்டு அண்ணாச்சி. அவர் புத்தகத்தில் வெள்ளைத் துண்டுச் சீட்டுகள் முள்ளம்பன்றி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. பேனாவின் மூடியைக் கழற்றினார், போட்டார். கடைசியில்தான் பேசுவார், எப்போதும் கடைசி, வண்டியில் கார்டுக்கு எங்கே இடமோ அங்கே. பதினாலு தேறியதற்கும் அவர்தான் காரணம், பன்னிரண்டு தேறாததற்கும் அவர்தான் காரணம்.

மைதீன் பிச்சை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு டீச்சர் மாதிரி எல்லாம் சொல்லத் தெரியாது. நான் கடைக்காரன். எங்கிட்ட ஒருத்தன் வந்து எந்தப் பெயிண்ட் நல்ல பெயிண்ட்டு பாய்னு கேட்டா, உன் சுவரைச் சொல்லு முதல்லங்கிறதுதான் என் பதில். ஓதம் அடிக்கிற சுவருக்கு உசந்த பெயிண்ட்டு அடிச்சா ஒரு மழைக்கு உரிஞ்சிரும். புஸ்தகமும் அதே சங்கதிதான்." "சுவரை விடும் வே, புஸ்தகத்துக்கு வாரும்" என்றார் யாரோ. "வாரேன், வாரேன். அந்தம்மா கேட்டுக் கைப்பிடியப் பிடிக்கா. ராத்திரிப் பனி, இரும்பு நனைஞ்சு கிடக்கு. அதுக்குக் கிரீஸ் போட்டு எத்தனை நாளாச்சோ, புருஷங்காரன் மூணு நாளா காய்ச்சல்ல கிடந்திருக்கான்லா. ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள கையி வழுக்குது, ரெண்டாவது சுத்துல கீச்சுன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் வீட்டுக்குள்ள கிடக்கிறவனுக்குக் கேக்குமேன்னு அவளுக்கு ஒரு நெனப்பு, பாத்துக்கிடுங்க. செத்தவனுக்குக் கேக்குமேன்னு. நான் கடையில உக்காந்து படிச்சேன், கிரீஸ் டப்பாவை எடுத்துட்டுப் போயிரலாமான்னு ஆயிட்டுது." ஒருத்தரும் சிரிக்கவில்லை. பூதலிங்கம் மனசுக்குள் எண்ணினான். கிரீஸ். இவருக்குக் கிரீஸ், டீச்சருக்கு முடி, எனக்குச் சட்டை. சட்டை பெரியதாக இருக்கும், தோள் இறங்கித் தொங்கும், கைப்பகுதியை இரண்டு மடிப்பு மடித்து விட்டுக்கொள்வாள், கேட்டின் மரம் மெல்லச் சரிந்து கிடையாக வந்து கொக்கியில் விழுந்ததும் அதைத் தட்டிக்கொடுத்துச் சொல்வாள், மதி, இனி கிடந்நோ. போதும், இனிப் படுத்துக்கோ. அவன் தம்ளரைக் கீழே வைத்தான். மதி இனி கிடந்நோ. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து கேட்மேன் பெண்டாட்டி பேச்சி எதற்கு மலையாளம் பேசுகிறாள்? இருபது வருஷமாக அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், ஒரு தடவைகூட உறுத்தவில்லை. இரண்டு மொழி தலைக்குள் இருந்தால் நடுவில் சுங்கச்சாவடி கிடையாது, யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்ப்பதற்கு ஆள் இல்லை. மதி இனி கிடந்நோ. யார் குரல் அது? பெண் குரல் இல்லை. ஆண் குரல். அவனுடைய குரலேதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மஸ்கட், ரூவி, மூன்றாம் மாடி, ஏசி லாரி மாதிரி உறுமும், ஜன்னலில் ஒட்டிய வெள்ளித் தாளைத் தாண்டி வெயில் உள்ளே வரப் பார்க்கும். பக்கத்துக் கட்டிலில் தங்கச்சன், பத்தனம்திட்டைக்காரன், ஏசி மெக்கானிக், ஊரெல்லாம் ஏசி சரிசெய்துவிட்டு எங்கள் அறை ஏசியைத் தொடமாட்டான். வாயிக்கடா, என்பான், வாசிடா. பூதலிங்கம் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மலையாளத்தில் சொல்வான், வரி வரியாக, வெள்ளிக்குப் பத்துப் பக்கம். அன்றைக்குக் காலைப் பாசஞ்சர் நேரத்துக்குப் போனது என்று சொல்லிவிட்டு மகன் மதுரையில் பஸ் ஏறுவதற்குப் போனான். தங்கச்சன் எழுந்து உட்கார்ந்தான். "நில்லு நில்லு. அப்போ கேட்டு ஆரு அடச்சு?" கேட்டை யார் மூடியது. தெரியாது, எழுதவில்லை என்றான் பூதலிங்கம். "எழுதவில்லையென்றால்? வண்டி போயிருக்கிறது. கேட்டு ஆரு அடச்சு?" தங்கச்சனுடைய அப்பன் இறந்த தந்தி கிடைத்து லீவு கிடைக்காமல் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மை தனியாக இருந்தாள், ரப்பர் வெட்டுவதற்கு ஆள் வருகிறானா என்று யாரும் அவனுக்கு எழுதவில்லை. பூதலிங்கம் அவன் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, ஒரு எழுத்தும் இல்லாத இடத்திலிருந்து, வாசித்தான். அவள் எழுந்தாள், ஆணியிலிருந்து சட்டையை எடுத்தாள். ஒன்றரைப் பக்கத்துக்கு வாசித்தான். தங்கச்சன் கேட்டு முடித்துப் படுத்துக்கொண்டான், சுவரைப் பார்த்துத் திரும்பி. "அப்போ அவளு ஜீவிக்கும்" என்றான். பிழைத்துக்கொள்வாள். அவ்வளவுதான், அடுத்த வெள்ளி அடுத்த பத்துப் பக்கம். பொய் சொன்னோமே என்று ஒரு வாரம் குறுகுறுத்தது, அப்புறம் மறந்தது, மறந்த இடத்தில் பேச்சி சட்டையைப் போட்டுக்கொண்டு நிரந்தரமாக நின்றுவிட்டாள். ஊர் திரும்பும்போது புத்தகத்தைத் தங்கச்சனிடமே கொடுத்துவிட்டு வந்தான், அவனுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எதற்கடா உனக்கு என்று கேட்டதற்கு, அவள் உள்ளே இருக்கிறாளே என்றான். கண்டுபிடித்துவிட்டேன், கண்டுபிடித்துவிட்டேன் என்று பூதலிங்கத்துக்கு உள்ளே ஒரு தவில், முகத்தை மட்டும் எருமை மாதிரி வைத்துக்கொண்டிருந்தான். கண்டுபிடித்து என்ன? இல்லாததைச் சொன்னவன்தான். பார்க்காமல் சொன்னவன்தான். ஸ்கேல், சிவப்பு மை.

"சிஸ்டர், நீங்க" என்றார் கார்டு அண்ணாச்சி. ஜெசிந்தா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள், டியூட்டி முடிந்த சேலையோடு, கூந்தலில் இன்னும் டெட்டால் வாசம். "எனக்கு அதிகமா ஒண்ணும் இல்லண்ணே. எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தம்மா கேட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கை கழுவுறதுதான். மூணு நாளா அவரைத் தொட்டுத் தொடச்சு, வாயில தண்ணி ஊத்தி, கடைசியில கண்ண மூடி விட்ட கையி. வாளியில தண்ணி மொண்டு முழங்கை வரைக்கும் கழுவுதா. அழல. எங்க வார்டுலயும் அப்படித்தான், ஒரு பெட்டுல முடிஞ்சிட்டா போய்க் கை கழுவிட்டுத்தான் அடுத்த பெட்டுக்குப் போவோம், அழுறதுன்னா அப்புறம்தான். அதை எழுதினவங்க யாரோ, ஆஸ்பத்திரியில இருந்திருப்பாங்கன்னு நெனச்சேன்." அவள் உட்கார்ந்தாள். பூதலிங்கம் வண்ண அட்டையை விட்டுவிட்டான். ஜெசிந்தா. இரண்டு மாதத்துக்கு முன் அவன் எழுந்து நின்று அந்த இடம் வரும் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா இங்கே இல்லை. மகள் பிரசவத்துக்குக் கோயமுத்தூர் போயிருந்தாள், திரும்பி வந்து பதினைந்து நாள் கழித்துக் கடையில் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள், மைதீன் பிச்சை பெயிண்ட் பில்லோடு சேர்த்துக் கொடுத்தார். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. புளியமரத்தில் பேய் உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவளாகப் போனாள், அவளாகப் பார்த்தாள், வாளியும் தண்ணீரும் முழங்கையுமாக. சாரல் நின்று ஜன்னல் கம்பியில் வெளிச்சம் ஏறியது. பூதலிங்கத்துக்குத் தொண்டையில் சிரிப்பு மாதிரி ஒன்று மேலே வந்தது, விழுங்கினான், மறுபடி வந்தது. எத்தனை புத்தகம் படித்திருப்பான், எல்லாம் சொல்கிற புத்தகங்கள், கதவைச் சாத்தி விளக்கை அணைத்துப் போர்த்திவிட்டுப் போகிறவை, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் மறந்துபோனவை. இந்த நாவலாசிரியன் ஒரு வரி எழுதினான், எழுதிவிட்டு எழுந்து போய்விட்டான், பேனாவை அங்கேயே வைத்துவிட்டு.

கார்டு அண்ணாச்சி செருமினார். அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. "முடியிங்கிறீங்க. கிரீஸுங்கிறீங்க. கை கழுவுனாங்கிறீங்க. எல்லாம் நல்லா இருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எந்தப் பக்கம்?" டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், அந்த முடி எந்தப் பக்கத்துல இருக்கு? எடுத்துக் காட்டுங்க." தாள்கள் புரளும் சத்தம். ஒரே நேரத்தில் பத்துப் புத்தகம் புரள்கிற சத்தம், புறாக் கூட்டம் எழும்பினாற் போல. "நூத்திப் பன்னெண்டு" என்றார் கார்டு, "நூத்திப் பதிமூணு. நான் மூணு தடவை பாத்தாச்சு. அந்தம்மா கேட்டுக்கிட்ட வரவே இல்லை." "இருந்துதே அண்ணாச்சி" என்றாள் டீச்சர், வகுப்பில் ஊர் பெயரைத் தவறாகச் சொன்ன பிள்ளை மாதிரி முகம் சிவந்து. "என் பொஸ்தகத்துல பக்கம் விட்டுப் போச்சோ" என்று மைதீன் பிச்சை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "உம்ம புஸ்தகத்துலயும் இல்லை வே, எம் புஸ்தகத்துலயும் இல்லை. இல்லாத எடத்தைச் சொல்லிட்டாரு மஸ்கட்டாரு, நீங்களும் பாத்தேன் பாத்தேன்னு சாட்சி சொல்லுதீங்க." வந்துவிட்டது. இதோ. ஹெட்மாஸ்டருக்கு எப்படி இருந்திருக்கும், காது மடல் சூடாகி, பக்கத்துத் தெரு பஜ்ஜி வாசம்கூட அப்போது துல்லியமாக வந்திருக்கும், வருகிறதே. "எங்கிட்ட அவரு ஒண்ணும் சொல்லலண்ணே" என்றாள் ஜெசிந்தா. மெதுவாகத்தான் சொன்னாள். "நான் அன்னைக்கு ஊர்லயே இல்லை. எனக்கு யாரும் சொல்லல. நானா படிச்சேன், அவ கை கழுவினா." விரலால் வரியைத் தேடி வாசித்தாள். "அன்றைக்குக் காலைப் பாசஞ்சர் நேரத்துக்குப் போனது. இதுதான் இருக்கு. இது மட்டும்தான் இருக்கு." வாசித்த பிறகும் விரலை எடுக்கவில்லை. அப்புறம் மைதீன் பிச்சை, "அட, இந்த ஒரு வரிக்கா நான் கிரீஸைத் தூக்கிட்டுக் கிளம்புனேன்" என்றார், அறை வெடித்துச் சிரித்தது, டீச்சர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், கேட்டை மூடியது பெரிய மகளாகக்கூட இருக்கலாம் என்று மூலையில் ஒருவர் ஆரம்பித்தார், அது எப்படி இருக்க முடியும், அவளுக்குப் பதினோரு வயது, கைப்பிடி எட்டாது என்று இன்னொருவர் மறித்தார், எட்டும், எட்டாது என்று சண்டை பிடித்துக்கொண்டது.

"ஒரு நிமிஷம்" என்றார் கார்டு. எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. "கேட் பூட்டலேன்னா சிக்னல் விழாது. சிக்னல் விழலேன்னா டிரைவர் நிப்பாட்டிருவான். நிப்பாட்டுனா வண்டி நேரத்துக்குப் போகாது. நேரத்துக்குப் போச்சுன்னு எழுதியிருக்கான். இது விதி. முப்பத்தாறு வருஷம் இந்த விதியிலதான் சோறு தின்னுருக்கேன். அப்போ யாரோ பூட்டியிருக்காங்க. அந்த எடத்துல அவளை விட்டா வேற ஆளு கிடையாது." பேனா மூடியைக் கழற்றினார், போட்டார். "நான் விதியை வச்சு மறுக்கணும்னுதான் மூணு தடவை படிச்சேன். மூணு தடவையும் நான் கடைசிப் பெட்டியில இருந்தேன். கேட்டைத் தாண்டும்போது வழக்கம்போல கொடியை நீட்டுனேன். கேட்மேன் நிக்குற எடத்துல ஒரு பொம்பளை நிக்கா. பச்சைக் கொடியை எடது கையில பிடிச்சிருக்கா, தப்பான கை. ரிப்போர்ட் எழுதணும். எழுதல. தூரத்துல மறையிற வரைக்கும் கொடியை இறக்காமப் பிடிச்சுக்கிட்டே இருந்தா, நானும் இறக்கல." அவர் உட்கார்ந்தார், பதிவேட்டைத் திறந்தார், முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டார். பூதலிங்கத்துக்கு வாய்ப்பூட்டு நாற்காலி தரையிலிருந்து நாலு விரற்கடை எழும்பியது போல இருந்தது. தங்கச்சா, டேய் தங்கச்சா, கேட்டாயா, நீ கேட்ட கேள்விக்கு ஒரு கார்டே வந்து பதில் சொல்லிவிட்டுப் போகிறார். ரூவியில் ஒரு பெண், செங்கோட்டையில் நாலு பெண், தென்காசி லைப்ரரிப் பிரதியைத் தொட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒருத்தி, எத்தனை பேச்சி அந்த ஒரு கேட்டை மூடியிருக்கிறாள், முடி பிடித்து, கை கழுவி, இடது கையில் கொடியோடு, சட்டையின் கையை மடித்து விட்டு, ஒரு வண்டியும் தாமதம் ஆகவில்லை, இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட. எதற்காக ஒரு புத்தகத்தை இன்னொருத்தன் கையில் கொடுக்க வேண்டும் என்று இத்தனை காலம் கேட்டதற்கு இதோ, பெயிண்ட் கடை மாடியில், வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது கண் முன்னால் பதில் நடந்து முடிந்துவிட்டது.

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் தூக்கியிருந்தது, கார்டு அண்ணாச்சியின் கை எல்லாவற்றுக்கும் மேலே. மைதீன் பிச்சை போய் அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறந்து, பதினாலைத் தள்ளி இடம் பண்ணிப் பதினைந்தாவதை நிறுத்தினார், ஓரம் நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார், கடைக்காரர். டீச்சர் கைதட்டினாள். "இருபத்தாறு வருஷத்துல" என்றார் கார்டு, "ஒரு எழுத்து இல்லாத எடத்தைப் பத்தி இம்புட்டு நேரம் சண்டை போட்டது இன்னைக்குத்தான்." பிறகு பூதலிங்கத்தைப் பார்த்து, முதல் தடவையாக மஸ்கட்டார் என்று கூப்பிடாமல், "பூதலிங்கம், வாய்ப்பூட்டு அவுந்தாச்சு, விதிப்படி ஒரு வார்த்தை சொல்லலாம். அதுக்கு முன்னாடி நான் சொல்லிருதேன். இவரு வேணும்னேதான் செஞ்சிருக்காரு. இல்லாத எடத்தை இருக்குன்னு சொல்லி நம்மளத் தேட விட்டிருக்காரு. இப்படி ஒரு பரிந்துரை இந்த நோட்டுல கிடையாது. அப்படித்தானே?" எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மைதீன் பிச்சை, "ஆளு லேசுப்பட்ட ஆளு இல்ல" என்று ஜெசிந்தாவிடம் சொன்னது கேட்டது. ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும், இப்போது ஆட்டலாம், விதி விட்டுவிட்டது. கார்டு பேனாவைத் தாளில் ஊன்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நீல மைப் பேனா ஒன்று, சட்டைப்பையில் சிவப்பு மைப் பேனா ஒன்று. வேண்டுமென்று சொல்லவில்லை, இருக்கிறதென்று நம்பித்தான் சொன்னேன், சொல்வதற்கு முன் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை, செவ்வாய்க்கிழமைதான் இல்லை என்று தெரிந்தது, அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்று பூதலிங்கம் சொன்னான்.